பின்னணியில் ஓடும் தேவையற்றவை

சான்றிதழ் துறையின் இயக்குநர் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அதிகாரிகள் பயிற்சிக்குப் போவதில் பொதுமக்களுக்கு ஆட்சேபணை கிடையாது. அவர்கள் திரும்பி வருவதில்தான் சிக்கல்.

முகாமில் அவர் கற்றுக்கொண்டு வந்த பாடம் எளிமை. எங்கள் ஊரில் அந்தச் சமயம் எளிமை காய்ச்சல்போலப் பரவிக்கொண்டிருந்தது. வசதியுள்ள வீடுகளில் நாற்காலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்காரப் பழகினார்கள். தரையில் உட்காருவதற்கென்றே விசேஷமாக ஒரு மெத்தையும் வாங்கினார்கள். பல் மருத்துவர் செவ்வாய்க்கிழமைகளில் பேசுவதை நிறுத்திவிட்டார். அன்று அவரிடம் போனவர்கள் எந்தப் பல்லைப் பிடுங்கினார் என்பதை வீட்டுக்கு வந்து கண்ணாடியில்தான் தெரிந்துகொண்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் இயக்குநர் மட்டும் சும்மா இருப்பாரா? நான்காம் நாள் சுற்றறிக்கை வந்தது.

துறையின் பணியாளர்கள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே, அவரவர் சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துவந்தார்கள். சுற்றறிக்கை அந்தக் கம்ப்யூட்டர்களைப் பற்றியது. "பணியாளர்களின் இல்லக் கணினிகளில் பின்னணியில் இயங்கிவரும் தேவையற்ற சேவைகள், கணினியின் வேகத்தையும் அதன் வாயிலாகத் துறையின் வேகத்தையும் மட்டுப்படுத்துவது கவனத்திற்கு வந்துள்ளது. எனவே ஒவ்வொரு பணியாளரும் குறைந்தது நாற்பது சேவைகளை முடக்கி, உரிய படிவத்தில் இருபத்தொரு நாட்களுக்குள் அறிக்கை அளிக்கப் பணிக்கப்படுகிறார்கள். ஒரு சேவை என்ன செய்கிறது என்பது பணியாளருக்குத் தெரியாத நிலையில், அது தேவையற்ற சேவை எனவே கருதப்படும்."

துறைக்கு வேகம் என்று ஒன்று இருப்பது அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் துறைப் பணியாளர்கள் பலர் குடியிருக்கும் தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். அதனால் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் நாம் திறந்து வைத்திருப்பது ஒன்றோ இரண்டோதான். நம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நூறு சமாச்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மணி பார்க்கும். ஒன்று பிரிண்டருக்குப் போகவேண்டியதை வரிசையில் நிறுத்தி அனுப்பும். ஒன்று சத்தத்தைக் கவனித்துக்கொள்ளும். இவற்றைத்தான் சர்வீஸ் என்கிறோம். அவற்றில் உண்மையிலேயே வேண்டாதவையும் உண்டு. எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமை வேண்டும். சுற்றறிக்கையில் படிவம் இருந்தது, இணைப்பு இருந்தது, கடைசித் தேதி இருந்தது. பொறுமைக்கு மட்டும் இடம் விட்டிருக்கவில்லை.

எனக்கு நல்ல காலம். 'இங்கு சேவைகள் முடக்கித் தரப்படும்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். துறையில் வேலை செய்யாதவர்கள்கூட வந்தார்கள். பத்து நாளில் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பது நின்றுபோய், "எத்தனை?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுபத்தொன்று என்று சொல்லிவிட்டுப் பனியனைச் சரிசெய்துகொள்வார். நான் அறுபத்துநான்கு. தொழில் செய்கிறவன் எழுபதையாவது எட்டியிருக்க வேண்டாமா என்று எனக்கே குறையாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் திருத்தக்கா என்னைக் கூப்பிட்டாள்.

திருத்தக்கா சான்றிதழ் துறையில் பெயர் திருத்தப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறவள். பிறப்புச் சான்றிதழில் கொம்பு விடுபட்டது, புள்ளி விடுபட்டது, அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரி பெயர் வந்தது, இதையெல்லாம் சரிசெய்வது அவள் வேலை. அவளுடைய கணவரும் ஒரு வகையில் அதே இனம்தான். பெரிய அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்த்தவர். தெருவில் அவருக்கு 'புரூஃப் சார்' என்றுதான் பெயர். நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர்தான் அவருக்குப் படித்துக் காட்டியது. திரையில் எது இருந்தாலும் ஒரு பெண் குரல் அதைச் சொல்லும். காலையில் செய்தித்தாள், மத்தியானம் ஒரு புத்தகம், இடையிடையே அக்கா அலுவலகத்துக்கு எழுதும் கடிதங்கள். காதால் கேட்டே ஒற்றெழுத்துப் பிழையைப் பிடித்துவிடுவார்.

முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே மேஜை. அதன் மேல் கம்ப்யூட்டர். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் சார். நான் பட்டியலைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டு சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தது. என் வழக்கம் மேலிருந்து கீழாக நாற்பதை எண்ணி நிறுத்திவிட்டு எழுந்துவிடுவது. சார் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அது என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"தெரியாதுன்னா இருக்கட்டும் தம்பி. புரூஃப்ல ஒரு கால்புள்ளி எதுக்குன்னு புரியலேன்னா நாங்க எடுக்க மாட்டோம். எழுதினவரைக் கேப்போம்" என்றார் அவர்.

தந்தி காலத்து மிச்சமாக ஒரு ஃபேக்ஸ் சர்வீஸ் இருந்தது, அதை நிறுத்தினோம். விளையாட்டுக்கென்று மூன்று, வீட்டுக் குழந்தைகளைக் கண்காணிக்க ஒன்று. அவர்கள் மகள் கல்யாணமாகி வேற்றூரில் இருக்கிறாள், அதனால் அதுவும் போயிற்று. வேறு யாராவது தொலைவிலிருந்து நம் கம்ப்யூட்டருக்குள் கை வைக்க அனுமதிக்கும் ஒன்றை சார் கேட்ட மாத்திரத்தில் நிறுத்தச் சொன்னார். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒன்பது தேறியது. கம்ப்யூட்டரும் உண்மையாகவே கொஞ்சம் சுறுசுறுப்பாயிற்று.

படித்துக்காட்டும் சேவை சுற்றறிக்கையின் இணைப்பில் 'ஆடம்பரச் சேவைகள்' என்ற தலைப்பின் கீழே, நகரும் மீன் படத்துக்கும் சீட்டு விளையாட்டுக்கும் நடுவில் இருந்தது. அக்கா அந்த வரியைப் படித்தாள். அதைச் சாரிடம் சொல்லாமல் தாண்டிவிட்டு, ஒன்பது சேவைகளுக்கு மட்டும் அறிக்கை எழுதினாள். மீதி முப்பத்தொன்றை ஏன் நிறுத்தவில்லை என்று இரண்டு பக்கத்துக்குக் காரணமும் எழுதினாள். அவளுடைய அலுவலக வாழ்க்கையில் அவள் செய்த முதல் தவறு அது. காரணம் எழுதினால் யாராவது படிக்கவேண்டி வரும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

மற்றவர்கள் அப்படி ஏமாளிகள் இல்லை. அவளுடைய பிரிவின் கண்காணிப்பாளர் ஐம்பத்திரண்டை நிறுத்தினார். அதில் மணி பார்க்கும் சேவையும் சேர்ந்து போயிற்று. அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பதினோரு வருடம் பின்னால் போய் நின்றது. அவர் ஒப்பமிட்ட இறப்புச் சான்றிதழ்களில், ஆள் சாவதற்குப் பதினோரு வருடம் முன்பாகவே சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. துறை தாமதம் செய்கிறது என்று யாரும் வாய் திறக்க முடியாத நிலைமை அப்போதுதான் முதல்முறையாக ஏற்பட்டது. பதிவுப் பிரிவில் ஓர் உதவியாளர் சத்தத்துக்கான சேவையை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் கூட்டங்களில் அவருக்கு ஒன்றும் கேட்காது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். இரண்டே வாரத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது.

பிரிண்டர் சேவையை மட்டும் துறையில் அத்தனை பேரும் ஒருமனதாக நிறுத்தியிருந்தார்கள். அதனால் அச்சிடவேண்டியதெல்லாம் திருத்தக்காவுக்கு வர ஆரம்பித்தது. முதலில் பக்கத்து மேஜைக்காரர் இரண்டு சான்றிதழ் அனுப்பினார். பிறகு பதிவுப் பிரிவு, பிறகு நகல் பிரிவு. கடைசியில் கண்காணிப்பாளரே வெற்றுக் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். தான் ஐம்பத்திரண்டு சேவைகளை முடக்கிய அறிக்கையை அச்சிடவேண்டும் என்றார். அக்கா அச்சிட்டுக் கொடுத்தாள். போகும்போது, நீங்களும் சீக்கிரம் நாற்பதை எட்டிவிடுங்கள், பிரிவுக்கே கெட்ட பேர் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தோராம் நாள் முடிந்ததும் துறை கணக்கெடுத்தது. மொத்தப் பணியில் முக்கால் பங்கு ஒரே ஒரு கம்ப்யூட்டரில் நடப்பது தெரியவந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் நூற்று மூன்று சேவைகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதும் தெரியவந்தது. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று சாதாரண மனிதன் யோசிப்பான். இயக்குநர் சாதாரண மனிதர் இல்லை. நேரில் ஆய்வு செய்ய முடிவெடுத்தார்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு இயக்குநரும் கண்காணிப்பாளரும் திருத்தக்கா வீட்டு முன்னறைக்கு வந்தார்கள். தொழில்நுட்பச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். அக்கா எல்லோருக்கும் நாற்காலி போட்டாள். குரல் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தது. சார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு பேசுறது?" என்று இயக்குநர் கேட்டார்.

"கம்ப்யூட்டர் சார். எனக்குப் படிச்சுக் காட்டுது. எனக்குக் கண் தெரியாது."

இயக்குநர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாமே. படிவம் ஏழு இருக்கு. துறை ஒண்ணும் கல்நெஞ்சு இல்ல."

"என் மனைவி எழுதியிருந்தாளே சார்."

"அவங்க எழுதினா செல்லாது. பயன்படுத்துறவரே படிவத்தைப் படிச்சு, படித்துப் பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வேற யாரும் படிச்சுச் சொன்னா அது வெளித் தலையீடு."

"அந்தக் குரல் படிச்சுச் சொல்லலாமா?"

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். "தாராளமா சொல்லலாம். ஆனா விலக்கு கிடைக்கிற வரைக்கும் அந்தக் குரல் ஓடக் கூடாது" என்றார் இயக்குநர்.

"அப்ப விலக்கு எப்படி சார் கிடைக்கும்?"

"விண்ணப்பிச்சா கிடைக்கும்."

சார் முப்பது வருடம் பிழை பார்த்தவர். எந்தப் பிழையைத் திருத்த முடியும், எது எழுதியவருக்கே சரியாகப் படுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இயக்குநர் சேவையை நிறுத்தும்படி கண்காணிப்பாளரிடம் சொன்னார். அவருக்கு எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டையும் அவருக்கு முடக்கித் தந்தவன் நான்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். கை நடுங்குகிறது, கண் சரியில்லை, கடையில் ஆள் காத்திருக்கிறார், ஏதாவது சொல்லியிருக்கலாம். இயக்குநர் கூப்பிட்டு வந்திருக்கிறோம், நாளைக்கு ஏதாவது உத்தியோகம் கிடைத்தாலும் கிடைக்கும் என்று நினைத்தேன். போய் அழுத்தினேன்.

குரல் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது. சார் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். அந்த வாக்கியம் முடியும் என்று காத்திருந்தார்போல.

"வினைமுற்று வரலையே" என்றார், யாரையும் பார்க்காமல்.

அதிகாரிகள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அக்கா எனக்கும் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் காலை கடை திறந்ததுமே அக்கா வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. மீதியையும் நிறுத்தித் தரச் சொன்னாள். முப்பது போதுமே என்றேன். எல்லாம் என்றாள்.

அவள் வீட்டுக்குப் போனோம். முதலில் அறிக்கையை எழுதினாள். சேவையின் பெயர் ஒரு கட்டத்தில், அது என்ன செய்கிறது என்பது அடுத்த கட்டத்தில். அடுத்த கட்டம் முழுவதும் 'தெரியாது' என்று கீழே வரைக்கும் நிரப்பினாள். அழகான கையெழுத்து அவளுக்கு, கம்ப்யூட்டரிலும் அந்த ஒழுங்கு தெரிந்தது. அறிக்கையை அச்சிட்டு ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள், மின்னஞ்சலில் துறைக்கு அனுப்பினாள். அதன் பிறகு என்னை உட்காரச் சொன்னாள். நான் வரிசையாக நிறுத்திக்கொண்டே வந்தேன். சத்தம், பிரிண்டர், மணி எல்லாம் போயிற்று. நெட்வொர்க்கில் வந்து நின்றேன். இதை நிறுத்தினால் எதுவும் உள்ளே வராது, வெளியே போகாது என்று சொன்னேன்.

"அது என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியாது தம்பி. தெரியாதுன்னா நிறுத்தணும். ஆணை" என்றாள்.

அன்று மத்தியானத்தோடு சான்றிதழ் துறை நின்றது.

நின்றது யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் இதில் விசேஷம். துறைக்கு வரும் புகார் மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்தி மேலே அனுப்புவதும் அக்காவின் கம்ப்யூட்டராகத்தான் இருந்தது. ஏழு வாரம் ஒரு புகாரும் மேலே போகவில்லை. பிழையான சான்றிதழ் ஒன்றுகூட வழங்கப்படவில்லை, ஏனென்றால் சான்றிதழே வழங்கப்படவில்லை. புகார்கள் சுழியம், பிழைகள் சுழியம், பணியாளர் கணினிகளின் வேகம் உச்சம் என்று இயக்குநர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். இத்தனை சுழியங்களை மேலிடம் ஒரே அறிக்கையில் பார்த்ததில்லை. மற்ற துறைகளும் இதைப் பின்பற்ற உத்தரவாயிற்று.

விழா எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டையும் நிறுத்திய ஒரே பணியாளர் என்று திருத்தக்காவுக்கு 'எளிமைச் செம்மல்' பட்டம். மேடையில் அவளுக்குச் சால்வை போட்டபோது தலைமையாசிரியர், பல் மருத்துவர், நான் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். அரங்கத்தில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் துறையில் கிடந்தன. அவர்கள்தான் சத்தமாகத் தட்டினார்கள். ஏதாவது பேசச் சொன்னபோது அக்கா மைக்கைப் பிடித்து நன்றி என்று மட்டும் சொன்னாள். என்ன எளிமை என்று எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் உருகிப்போனார்.

வீட்டில் அவள் என்ன செய்தாள் என்பது அதைவிட எளிமை. அலுவலக வேலை எதுவும் வரவில்லை. காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்காருவாள். ஒரு புத்தகத்தை எடுப்பாள். ஐந்து மணி வரைக்கும் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அலுவலகம் போகவேண்டிய மற்ற இரண்டு நாட்களையும், அங்கே வேலை இல்லை என்று, துறை வீட்டு நாட்களாக மாற்றிவிட்டது. அவளுக்கு முதலில் வேகமாகப் படிக்கத் தெரியவில்லையாம். முற்றுப்புள்ளியில் நிற்காமல் ஓடிவிடுவாளாம். சார் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தித் திருத்தினாராம். நான் தெருவில் போகும்போது ஜன்னல் வழியாகக் கேட்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுவேன்.

இந்த நிலைமையில்தான் எனக்கு நியமன ஆணை வந்தது. எல்லாத் துறைகளுக்கும் சேவை முடக்கப் பயிற்சியாளர். பதினைந்து நாளில் சேரவேண்டும், சேரும்போது பிறப்புச் சான்றிதழ் காட்டவேண்டும். சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். என் பெயரின் கடைசி எழுத்து மாறியிருந்தது. அதன்படி நான் பெண். இத்தனை நாள் அதை யாரும் கேட்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். நெட்வொர்க்கையும் பிரிண்டரையும் மட்டும் ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, என் பெயரைத் திருத்தி வாங்கிக்கொண்டு, மறுபடி நிறுத்திவிடலாம் என்பது என் திட்டம். முன்னறையில் நுழைந்தால் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பல் மருத்துவர், செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் பேசாமல் இருந்தார். கண்காணிப்பாளர் மூலையில் ஸ்டூலில். எல்லோர் கையிலும் ஒரு பை, பையில் காகிதம் இருப்பது தெரிந்தது. அக்கா ஒரு கப்பல் கதை படித்துக்கொண்டிருந்தாள்.

எதற்கு வந்தீர்கள் என்று தலைமையாசிரியரைக் காதோடு கேட்டேன்.

"கதை கேக்கத்தான்" என்றார்.

நானும் அதற்குத்தான் வந்தேன் என்றேன். எழுபத்தொன்றை நிறுத்தியவர் இருக்கும்போது, அறுபத்துநான்கை நிறுத்தியவன் எப்படி வாயைத் திறந்து இரண்டை ஓடவிடச் சொல்வது? யாராவது ஒருவர் முதலில் கேட்டுவிட்டால் அடுத்த நிமிடமே நாங்கள் அத்தனை பேரும் கேட்டிருப்போம். யாரும் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அக்கா புத்தகத்தை மூடினாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லோரும் எழுந்துபோனோம்.

அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஒரு நாள்கூட என்ன வேலையாக வந்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டாள், அவ்வளவுதான். நாற்காலி போதாமல் போனபோது, வசதியுள்ள வீட்டுக்காரர்கள் தரையில் உட்காருகிற மெத்தையைக் கையோடு கொண்டுவர ஆரம்பித்தார்கள். என் பதினைந்து நாள் முடிந்துபோயிற்று. நியமன ஆணை என் சட்டைப்பையிலேயே நைந்துகொண்டிருக்கிறது. கதை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. அக்காவும் இப்போது முற்றுப்புள்ளியில் சரியாக நிற்கிறாள்.

நேற்று பதினேழாம் அத்தியாயம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. இயக்குநர் உள்ளே வந்தார். அவருடைய மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருப்பதாக ஊரில் பேச்சு. கையில் ஒரு நீல உறை வைத்திருந்தார். எங்கள் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நாங்கள் எங்கள் பைகளை மடியில் கொஞ்சம் மறைத்துக்கொண்டோம். உறையை அவரும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அக்கா படிப்பதை நிறுத்திவிட்டு அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.  கேட்கப்போகிறார், இவர் கேட்டுவிட்டால் நமக்கும் விடிவு என்று மடியிலிருந்த பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"எந்த அத்தியாயம் போகுது?" என்றார் இயக்குநர்.

நான் என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன். புதிதாக வந்தவருக்கு முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடு என்று சார் அக்காவிடம் சொன்னார். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.